மூளைக்கட்டி ஆய்வு: சுற்றுத்திசுவுக்கான கோரிக்கைச் சாசனம்

மருத்துவ ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் அரசுத் துறைகள், மூளை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள், புற்றுநோய் ஆய்வகங்கள், மருந்து நிறுவனங்கள் ஆகியவற்றின் கவனத்துக்கு, மூளைக்கட்டியால் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்கள் சார்பில் இதை முன்வைக்கிறோம்.

கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுக்கு இன்றும் தரப்படும் அடிப்படைச் சிகிச்சை 2005-ல் நிலைபெற்றது: அறுவை சிகிச்சை, ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடு என்ற கீமோதெரபி மருந்து. அந்த ஆண்டு வெளியான பெரும் ஆய்வில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், டெமோசோலமைடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். அந்த இரண்டரை மாதம் எங்களுக்கு அற்பமல்ல. அதற்குள் ஒரு பேரக்குழந்தையின் முகத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

அகலமாக வெட்டினால் தீரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1928-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டான்டி, சில நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதி முழுவதையுமே அகற்றிப் பார்த்தார். அதற்கும் நோய் மசியவில்லை. 2004-ல் டொரன்டோவில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர், சிடி133 என்ற அடையாளப் புரதம் கொண்ட வெறும் 100 செல்கள் எலியின் மூளையில் புதிய கட்டியை உருவாக்கியதைக் காட்டினார்கள். அந்த அடையாளம் இல்லாத செல்களைப் பல்லாயிரக்கணக்கில் செலுத்தியும் கட்டி வளரவில்லை. இவையே புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்றானது. ரேடியேஷன் ஏற்படுத்திய மரபணுச் சேதத்தை இவை விரைவாகச் சரிசெய்துகொள்கின்றன என்பது 2006-ல் தெரிந்தது. கொல்ல வேண்டிய செல் கையில் கிடைத்துவிட்டது என்று உலகமே அதன் பின்னால் ஓடியது.

ஆனால் மறு ஆண்டே இன்னொரு உண்மையும் வெளிவந்தது. மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ரிச்சர்ட் கில்பர்ட்சன் குழு நடத்திய ஆய்வில், இந்த ஸ்டெம் செல்கள் இரத்தக் குழாய்களை ஒட்டியே குடியிருப்பது தெரிந்தது. குழாயின் உட்சுவர்ச் செல்கள் அனுப்பும் குறிப்புகளே அவற்றை அந்த நிலையில் வைத்திருக்கின்றன. அந்த உட்சுவர்ச் செல்களைக் கூடுதலாகச் சேர்த்தால் கட்டி வேகமாக வளர்ந்தது; குழாய்களைக் குறைத்தால் ஸ்டெம் செல்களும் குறைந்தன. அதேசமயம் பிராணவாயு எட்டாத பகுதியில், சாதாரணப் புற்றுசெல்லே ஸ்டெம் செல்லின் குணங்களை மீட்டுக்கொள்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ், மைக்ரோக்ளியா ஆகியவை கட்டிக்குள் மூன்றிலொரு பங்குவரை இருந்துகொண்டு அதற்கே சேவகம் செய்கின்றன. 2019-ல் ஸ்டான்ஃபோர்டிலும் ஹைடல்பெர்கிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்டது எல்லாவற்றையும்விட அதிர்ச்சியானது: ஆரோக்கியமான நரம்புச் செல்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது போன்ற சினாப்ஸ் இணைப்பைப் புற்றுசெல்களோடும் வைத்துக்கொள்கின்றன. நாம் யோசிக்கவும் பேசவும் உதவும் அதே மின்துடிப்பு, கட்டியையும் வளர்க்கிறது.

விதையை மட்டும் பார்த்தால் போதாது, நிலத்தையும் பாருங்கள் என்று லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-லேயே மார்பகப் புற்று பற்றி எழுதினார். மூளைக்கட்டி விஷயத்தில் நிலம், அதாவது கட்டியின் செல்களைச் சூழ்ந்திருக்கும் சுற்றுத்திசு, இன்னும் ஓரவஞ்சனைக்குத்தான் உள்ளாகிறது. ஆகவே கேட்கிறோம்.

முதலாவதும் முதன்மையானதும், திசு. அறுவை அரங்கில் நடப்பதைப் பாருங்கள். கட்டியின் பெரும்பகுதியை அல்ட்ராசோனிக் கருவியால் உடைத்து உறிஞ்சுகிறார்கள். அது உப்புநீரும் இரத்தமும் கலந்து ஒரு கேனிஸ்டரில் சேர்கிறது. நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு ஃபார்மலின் புட்டியில் பேத்தாலஜிக்குப் போகிறது. கேனிஸ்டர் பெரும்பாலும் மருத்துவக் கழிவோடு போய்விடுகிறது. ஃபார்மலினில் விழுந்த செல்லை நுண்ணோக்கியில் பார்க்கலாம், உயிரோடு வளர்க்க முடியாது. கட்டி மறுபடி வருவதோ பெரும்பாலும் வெட்டிய விளிம்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குள். மறுபடி வரும் இடத்தின் திசுதான் நம்மிடம் மிகக் குறைவு. விளிம்பிலிருந்து எப்படியும் வெளியே வரும் திசுவை, எம்.ஆர்.ஐ. படத்தில் எந்த இடம் என்று குறித்து, உயிரோடு பாதுகாக்க வேண்டும். ஆய்வுக்காக ஒரு கடுகளவுகூட அதிகமாக வெட்டக் கூடாது. மூளையில் ஒரு கடுகளவு ஒருவரின் பேச்சாக இருக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை வங்கி பல ஆண்டுகளாக இயங்குகிறது. எனவே இது நம் நாட்டில் நடக்காத காரியமல்ல. ஒப்புதல் படிவம் நோயாளியின் தாய்மொழியில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் தமிழில்.

இரண்டாவது, ஆய்வகம். பிளாஸ்டிக் தட்டில், காற்றில் இருக்கும் அளவுக்கு ஏறத்தாழ 20 சதவீதப் பிராணவாயுவில் செல்களை வளர்த்துவிட்டு மருந்தைச் சோதிப்பது வழக்கமாக இருக்கிறது. கட்டியின் உட்பகுதியில் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கக்கூடும். கட்டியில் இரத்தக் குழாயும் நரம்பும் மேக்ரோஃபேஜும் உண்டு. தட்டில் எதுவும் இல்லை. யு87 என்ற செல்வரிசையின் கதையை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. 1960-களில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து உருவாக்கியதாகச் சொல்லி உலகெங்கும் பயன்படுத்திய வரிசை அது. உலகுக்கு விநியோகமான அந்த வரிசை அந்த நோயாளியுடையதே அல்ல என்று 2016-ல் மரபணு ஒப்பீடு காட்டியது. சுற்றுத்திசுவோடு சேர்த்துச் சோதிக்காத எந்த மருந்துக்கும் மனிதர்கள் மீதான ஆய்வுக்குப் பொதுப்பணம் தரக் கூடாது.

மூன்றாவது, மருந்து ஆய்வுகளின் தோல்வியை மறைக்காதீர்கள். இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிஸுமாப் மருந்தின் இரு பெரும் ஆய்வுகள் 2014-ல் வெளிவந்தன. கட்டி மறுபடி வளரச் சில மாதம் கூடுதலாக ஆனது. மொத்த ஆயுள் கூடவில்லை. குழாயை அடைத்தால் பிராணவாயு குறையும், குறைந்தால் ஸ்டெம் செல் குணம் தூண்டப்படும் என்ற சிக்கல் ஆய்வகத்தில் ஏற்கெனவே தெரியும். மருந்து கொடுத்தபின் சுற்றுத்திசு எப்படி மாறியது என்பதை, மறு அறுவை தேவைப்படும் நோயாளிகளின் திசுவிலிருந்து பதிவு செய்து வெளியிட வேண்டும்.

நான்காவது, மலிவான மருந்துகள். மூளையின் மின்துடிப்பை அடக்கும் வலிப்பு மருந்துகளும், மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோனும் மலிவானவை. இவை சுற்றுத்திசுவை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

ஐந்தாவது, மரணத்துக்குப் பின்னான திசுதானத்துக்கு மரியாதையான வழி வேண்டும். குழந்தைகளின் மூளைத்தண்டில் பரவி வளரும் கட்டியை வெட்டி எடுக்க இயலாது. அந்தக் கட்டியால் இறந்த குழந்தையின் பெற்றோர் கொடையாகத் தந்த திசுவிலிருந்துதான், ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜெ குழு அந்தச் செல்களை வளர்த்து 2011-ல் வெளியிட்டது. அந்தப் பெற்றோரின் மனத்துக்கு இந்த உலகம் கடன்பட்டிருக்கிறது. இங்கும் தர முன்வரும் குடும்பம் ஆம்புலன்ஸ் செலவுக்கும் காகிதத்துக்கும் அலையக் கூடாது. உடலை அன்றே ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாக, மூளைக்கட்டிக்கு ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று ஆசைகாட்டிப் பணம் பிடுங்குவோர் மீது நடவடிக்கை வேண்டும்.

இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒருவருக்கு மூளைக்கட்டி அறுவைக்கு நாள் குறித்திருந்தால், அந்த நாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: எடுக்கும் திசுவில் நோயறியத் தேவையானது போக மீதி எங்கே போகும்? ஆய்வுக்குத் தர விரும்பினால் எங்கே கையெழுத்திட வேண்டும்?