ஒன்றுக்குப் பத்து

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட்டுவிடுகிறோமே, அப்புறம் என்ன குறை என்று கேட்கிறார்கள். சாலை அகலமாகும் ஊரிலெல்லாம் இந்தச் சமாதானம் சொல்லப்படுகிறது. திருநெல்வேலி - தென்காசிச் சாலை நான்கு வழியானபோது எத்தனையோ நிழல் மரங்கள் சாய்ந்தன. சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு தப்பு என்றுதான் சொல்லுகிறேன்.

மரம் எதனால் ஆனது? மண்ணால் என்று நினைப்பவர்களே அதிகம். பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர் வான் ஹெல்மான்ட் 200 ராத்தல் மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 ராத்தல் கன்று 169 ராத்தல் மரமாயிற்று. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ்! தண்ணீரே மரமாகிவிட்டது என்று தீர்மானித்தார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியாது.

இலையில் கண்ணுக்குப் புலப்படாத துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியே கரியமில வாயு நுழைகிறது. வேரிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கிறது; பிராணவாயு வெளியே போகிறது; கரியமில வாயு சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையே பிறகு பட்டையும் வைரமும் ஆகிறது. உலர்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. அத்தனையும் காற்றிலிருந்து இறங்கியது.

மரம் பிராணவாயு தருகிறது என்று சுவரெல்லாம் எழுதி வைக்கிறோம். காற்றில் அது 21 சதவிகிதம் இருக்கிறது, அதற்குப் பஞ்சமில்லை. கரியைப் பூட்டி வைக்கும் பெட்டகத்துக்குத்தான் பஞ்சம். 1958-ல் ஹவாயில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியே விடுவதில் ஏறக்குறையப் பாதியைக் காடும் கடலும் விழுங்கிக்கொண்ட பிறகும் இந்த நிலை! பூமியின் உஷ்ணம் ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு முதுமரத்தினுள் பல பத்தாண்டுகளின் கரி பூட்டிக் கிடக்கிறது. மேஜை நாற்காலியானால் கொஞ்ச காலம் தங்கும். விறகானால் அன்றைக்கே ஆகாயத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு ஈடாக வைக்கும் பத்துக் கன்றுகளின் இலையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கூடைகூட நிரம்பாது. அதுவும் பிழைத்தால்தானே? கரியமில வாயுவுக்காகத் துவாரத்தைத் திறக்கும் இலை தண்ணீரை ஆவியாக இழக்கிறது. ஒரு கிராம் வளர்ச்சிக்குப் பல நூறு கிராம் தண்ணீர் செலவு. நட்ட அன்று போட்டோ எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் ஒரு குடம் ஊற்ற ஆளில்லை என்றால், கன்று கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்கும். பிறகு சுள்ளியாகும்.

களக்காடு முண்டந்துறைக் காட்டை யாரும் விழா எடுத்து நடவில்லை. இரண்டு பருவத்து மழையையும் அந்த மலை மண் வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுவதால்தான் தாமிரபரணி கோடையிலும் ஓடுகிறது. அதைப் பத்தால் பெருக்கி வாங்க முடியுமா?

ஆகவே, அதிகாரிகளுக்கு ஒன்று சொல்வேன்: நட்ட கணக்கு போதும். பத்து வருஷம் கழித்து எத்தனை நிற்கின்றன என்ற கணக்கைக் காட்டுங்கள். அதைக் காட்ட முடியாதவர்கள் கோடரியைத் தூக்கு முன் சாலையைச் சற்று வளைக்க வழியுண்டா என்று பாருங்கள்.