புகை எங்கே போய்ச் சேருகிறது?

2017 தொடக்கத்தில் தூத்துக்குடி ஆல்கலி ஆலை உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. நிலக்கரிக் கொதிகலனின் புகைபோக்கி வழியே வீணாய்ப் போன கரியமில வாயுவை மடக்கி, உப்போடும் அம்மோனியாவோடும் சேர்த்து சோடா ஆஷ் ஆக்கினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பது திட்டம். அரசு மானியம் கிடையாது. தொழில்நுட்பம் கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்களுடையது. மெச்ச வேண்டிய வேலைதான்.

ஆனால், அந்த சோடா ஆஷ் பிறகு எங்கே போகிறது? ஒரு பெரும் பங்கு கண்ணாடி ஆலைக்கு. சன்னல் கண்ணாடிக்காக அதை மணலோடு சேர்த்து ஏறக்குறைய 1,500 டிகிரி சூட்டில் உருக்குகிறார்கள். உள்ளே அடைபட்டிருந்த வாயு, டன்னுக்குச் சுமார் 415 கிலோ, அப்படியே வெளியேறிவிடுகிறது. புதிதாக வாயு தயாரிக்கும் வேலை மிச்சமானதை மறுக்க முடியாது. ஆனாலும் அதைப் 'பூட்டி வைத்தோம்' என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிடித்த புகையைக் கட்டுமானப் பொருளாக்கும் பேச்சு இப்போது பலமாக அடிபடுவதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை டன் பிடித்தீர்கள் என்று கேட்கிறோம். எதற்குள் போனது, எத்தனை காலம் அங்கே இருக்கும் என்று கேட்பதில்லை.

கட்டடத்துக்கும் இந்த வாயுவுக்கும் உள்ள உறவு பழையது. ஆயிரம் கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சுடும் எரிபொருளின் புகை தனிக்கணக்கு. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமென்ட்டின் பங்கு என்பது இப்படித்தான். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தும் சூளையில் வெந்ததுதான். ஆனால், சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. சாந்து இறுகுவதே அதனால்தான். இன்றைய ஆய்வகங்கள் 'கார்பன் க்யூரிங்' என்று சொல்வது இந்த வேலையைச் சில மணி நேரத்துக்குச் சுருக்குவதைத்தான்.

கனடாவின் கார்பன்க்யூர் நிறுவனம், ரெடிமிக்ஸ் கலக்கும்போதே வாயுவைச் செலுத்துகிறது. அது நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களாகி காங்கிரீட்டுக்கு வலுவேற்றுகிறது. நல்ல உத்தி. ஆனால், கணக்கைப் பிரித்துப் பாருங்கள்: ஒரு கனமீட்டர் காங்கிரீட்டில் அடைபடும் வாயு ஒரு கிலோவை எட்டினாலே அதிகம். உண்மையான லாபம், கூடிய வலுவைக் காட்டி சிமென்ட்டில் ஏறத்தாழ 5 சதவீதத்தைக் குறைப்பதில் இருக்கிறது. சிமென்ட்டைக் குறைக்காமல் வாயுவை மட்டும் ஏற்றினால் அது விளம்பரம்.

அதற்காக வாயுவை ஏற்றிக்கொண்டே போகலாமா என்றால், கம்பி இருக்கிறதே! காங்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது; வாயு ஏற ஏற அந்தக் காரம் இறங்கும். பழைய தூண் ஒன்றைக் கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: காரம் இருக்கும் இடம் ரோஜா நிறமாகும், வாயு ஏறிய இடம் நிறமே மாறாது. அந்த நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால் துருப்பிடிக்கும், துரு உப்பும், பால்கனியின் அடிப்பாகம் பெயர்ந்து விழும். செட்டிநாட்டுச் சாந்துக்கு இந்தக் கவலை இல்லை. அதில் கம்பி இல்லை.

ஆகவே தூணையும் தளத்தையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். இதற்குத் தோதான இடம் ஹாலோ பிளாக், பேவர் பிளாக் போடும் பட்டறைதான். 2021இல் கார்பன்க்யூரோடு சேர்ந்து எக்ஸ்பிரைஸ் பரிசு வென்ற அமெரிக்காவின் கார்பன்பில்ட் குழு இந்த வழியில்தான் போனது: சிமென்ட்டைப் பெருமளவு குறைத்து, கற்களை அறைக்குள் அடுக்கி, வடிகட்டிச் சுத்தம் செய்யாத ஆலைப் புகையையே உள்ளே விடுகிறார்கள். நம் பட்டறைகளில் வார்த்த கல்லுக்கு நாள்கணக்கில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் தண்ணீருக்கு லாரி வரவேண்டும். புகையில் கல் இறுகுமென்றால் அந்தச் செலவும் குறையும். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் பிடித்ததே இதுதான்.

இதில் தூரமும் ஒரு கணக்கு. வாயுவைச் சுத்திகரித்து, திரவமாக்கி, டேங்கரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசலும் மின்சாரமும் லாபத்தைத் தின்றுவிடும். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சிமென்ட் சூளைப் புகையில் கரியமில வாயுவின் செறிவு அனல்மின் நிலையப் புகையில் இருப்பதைவிடப் பொதுவாக அதிகம். கல் பட்டறை ஆலையின் மதிலை ஒட்டியே அமைய வேண்டும்.

வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. தெருத்தெருவாகப் பேவர் பிளாக் பதிப்பது மாநகராட்சிகளும் பேரூராட்சிகளும்தானே? டெண்டரில் இன்று கல்லின் கனம், தாங்கு திறன், விலை ஆகியவற்றைக் கேட்கிறார்கள். ஒரு கல்லுக்கு எத்தனை கிராம் சிமென்ட், அது எத்தனை கிராம் வாயுவை உள்வாங்கியது, அந்த வாயு எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்துக் கேட்கலாம். பதில் தருகிறவருக்கு முதலில் சில ஆயிரம் சதுர அடி நடைபாதையைக் கொடுத்துப் பார்க்கட்டும்.