புதையல் பித்து

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு தோழர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய உறவினரின் பழைய வீட்டுக்கு அடியில் ஏழு செப்புக்குடம் நிறையப் பொன் இருக்கிறதென்று ஒரு மந்திரவாதி வெற்றிலையில் மை தடவிப் பார்த்துச் சொன்னாராம். காவல் பூதத்துக்குச் சாந்தி செய்ய, வீட்டுக்காரர் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டாராம். (தாலியைப் பற்றி நம் அபிப்பிராயம் வேறு; ஆனாலும் அது அந்த அம்மாளின் பொன்.) இப்போது இரண்டாம் தவணைக்குக் கடன் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்கிறார் தோழர்.

கூடவே கூடாது என்பதே நம் பதில்.

புதையலே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. பாங்கி இல்லாத காலத்தில் ஜனங்கள் காசைக் கலயத்தில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். யுத்தத்திலோ கொள்ளை நோயிலோ புதைத்தவன் மாண்டான். கலயம் மண்ணிலேயே தங்கிவிட்டது. புதையலின் ரகசியம் இவ்வளவுதான். 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றில் சக்கரவர்த்திகளின் தலை இருந்தது. பூதத்தின் தலை இல்லை.

மந்திரவாதியை நாம் கேட்கிறோம்: மண்ணுக்குள் கிடக்கும் ஏழு குடம் பொன்னைக் காணும் கண்ணுடையவர், ஒரு தாலிக்கொடிக்காக அயலான் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பானேன்? “அந்தப் பொன் எனக்குப் பலிக்காது” என்பார். நல்லது. கூலியைப் பொன் வெளிவந்த பிறகு வாங்கிக்கொள்ளட்டுமே! இதைச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அவர் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார். எலுமிச்சம்பழம், கோழி, ஆடு என்று ஆரம்பித்த சாந்தி, குழந்தையின் கழுத்தில் கத்தி வைப்பதில் முடிந்த கொடுமையும் இந்நாட்டில் நடந்திருக்கிறது. ஆகையால் இது வேடிக்கைப் பேச்சல்ல.

படியாத ஏழைதான் ஏமாறுகிறான் என்றும் எண்ண வேண்டாம். உத்தரப் பிரதேசத்து உன்னாவ் ஜில்லாவில் தௌண்டியா கேரா என்றொரு கிராமம். 1857 கலகத்துக்குப் பின் வெள்ளையர் தூக்கிலிட்ட ராவ் ராம் பக்ஷ் சிங் என்ற ராஜா, ஷோபன் சர்க்கார் என்ற சாமியாரின் கனவில் வந்து, தன் இடிந்த கோட்டையில் 1000 டன் தங்கம் இருப்பதாகச் சொன்னாராம். அப்பொழுது ரிசர்வ் பாங்கியிடம் இருந்த தங்கமே சுமார் 557 டன்தான்! ஒரு குறுநில ராஜா இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பொன்னை எங்கிருந்து கொண்டுவந்திருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. 2013 அக்டோபரில் தொல்பொருள் இலாகா மண்வெட்டியோடு போயிற்று. கனவுக்காக அல்ல, பூகர்ப்ப இலாகாவின் அறிக்கைக்காகவே தோண்டினோம் என்றார்கள். கனவு இல்லாவிட்டால் அந்த இலாகா அங்கே ஏன் போகிறது? பானை ஓடுகளும் வளையல் துண்டுகளும் வந்தன. குந்துமணிப் பொன் வரவில்லை.

இங்கிலாந்தில் இது ஒரு வெளிப்புறப் பொழுதுபோக்கு. ஓய்வு நாளில் உலோகம் காட்டும் கருவியோடு, நிலத்துக்காரன் சம்மதம் பெற்று வயலில் நடக்கிறார்கள். கிடைத்ததை அதிகாரிக்குத் தெரிவிக்கிறார்கள். 2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒருவருக்கு இப்படிக் கிடைத்த புதையலின் விலை 32 லட்சத்து 85 ஆயிரம் பவுன். கண்டவரும் நிலத்துக்காரரும் பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கே மையும் இல்லை, கோழியும் இல்லை.

நமக்கும் கண் இருக்கிறது. மாம்பலத்தில் ரயிலேறினால் சற்று நேரத்தில் பல்லாவரம். 1863 மே 30-இல் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் அங்கே சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரி. அதற்கு முன் எத்தனையோ பேர் அதை மிதித்துப் போயிருப்பார்கள். அவர் சேர்த்த பொருள்களை 1904-இல் சென்னை சர்க்கார் விலைக்கு வாங்கி எழும்பூர் மியூசியத்தில் வைத்தது. இரண்டாம் தவணைப் பணத்தில் கொஞ்சம் செலவழித்து அதைப் போய்ப் பார்க்கலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. உரியவர் எவருமில்லை என்று தீர்ந்து, வேறு உடன்பாடும் இல்லையானால், கண்டவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காருக்கு அது வேண்டுமென்றால் பொருளின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மந்திரவாதிக்கும் பூதத்துக்கும் அதில் பங்கு எழுதப்படவில்லை. கொடுத்த பணத்துக்குச் சாட்சி இருந்தால், அந்த உறவினர் தாமதியாமல் போலீஸில் எழுதிக் கொடுக்கட்டும்.