அடுக்குமாடி வீடும் ஐப்பசி மழையும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தை இன்னும் நாமேதான் பண்ணிப் பார்க்கிறோம். வீட்டை மட்டும் இப்போது யாரும் கட்டிப் பார்ப்பதில்லை. கட்டியதை வாங்குகிறோம், பாதிப் பேர் இனிமேல் கட்டப் போவதை வாங்குகிறோம். பழமொழியில் 'கட்டி' போய்விட்டது, 'பார்' மட்டும் மிச்சம். அந்தப் பார்க்கிற காரியத்தையாவது ஒழுங்காகச் செய்கிறோமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனிக்காரர்கள் காரே அனுப்பிவிடுகிறார்கள். இறங்கியதும் இளநீர். பிறகு மாதிரி வீடு. அங்கே அலமாரியில் துணி இல்லை, அடுப்பில் பால் பொங்கவில்லை, கொடியில் ஈரத்துண்டு இல்லை. ஆகவே எல்லா அறையும் பெரிதாகத் தெரிகிறது. "இன்றே முன்பணம் கொடுத்தால் இரண்டு லட்சம் குறைவு" என்று ஒரு இளைஞர் மிகவும் மரியாதையாகச் சொல்கிறார். வீட்டுக்காரர் சட்டைப் பையில் கை வைக்கிறார். அம்மா பால்கனியில் நின்று, துளசி மாடம் வைக்க இடம் போதுமா என்று பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதினைந்து வருஷமாக வாடகை வீடு. கணவருக்குக் கிண்டியில் வேலை. பெண் எட்டாவது, பையன் ஐந்தாவது. கூடுவாஞ்சேரிப் பக்கம் புதிதாகக் கட்டும் குடியிருப்பில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். மைத்துனரோ, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடற்காற்று வாங்கிக் கொண்டு இருக்கலாம் என்று இன்னொன்றைக் காட்டுகிறார். "இரண்டில் எதை வாங்கலாம்? அவர் என்னைக் கேட்கவில்லை, நான் உங்களைக் கேட்கிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கே பகல் முழுதும் இருக்கப் போகிறவளை யாரும் கேட்பதில்லை. அவளும் வேலைக்குப் போகிறவள் என்றாலும், குழாயில் தண்ணீர் வந்ததா, மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதா என்ற கவலை அவளுடையதுதான். அந்தப் பிரதேசத்தில் வீடு வாங்கலாமா, கூடாதா என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஊரின் பெயரே தண்ணீரிலிருந்து வந்தது. செங்கழுநீர்ப் பூ பூத்த இடம், செங்கழுநீர்ப்பட்டு, அதுவே செங்கல்பட்டு ஆயிற்று என்று சொல்வார்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஏரிகள் நிறைந்த சீமை. ஊருக்குப் பக்கத்திலேயே கொளவாய் ஏரி. தெற்கே போனால் மதுராந்தகம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியில் போய்ச் சேரும். இப்படிச் சங்கிலி போல் கோத்து வைத்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியின் மேல் நான்கு மாடி எழுப்பி, 'நகர்' என்றோ 'அவென்யூ' என்றோ பெயர் வைத்துவிட்டால் தண்ணீர் வழியை மறந்துவிடுமா?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அது மறக்கவில்லை என்று தெரிந்தது. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் புகுந்து, மாடியில் தவித்தவர்களைப் படகில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கத்திலும் ஏரியின் உபரி நீர் போகும் வழியில் அமைந்த தெருக்கள் பெருமழையில் குளமாவது வழக்கமாகிவிட்டது. "எங்களுக்கென்ன, மூன்றாவது மாடி" என்று சொல்லாதீர்கள். கீழே மின்சாரப் பெட்டி முழுகினால் மேலே மின்தூக்கி நிற்கும், மோட்டார் நிற்கும், குடிக்கத் தண்ணீர் நிற்கும். மனையை மண் போட்டு உயர்த்திவிட்டோம் என்பார்கள். வாஸ்தவம். அதனால் உங்கள் வீடு தீவு ஆகும். சாலை ஏரியாகவே இருக்கும். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியது அந்தச் சாலையில்தான்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக் காரை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ விடிய விடிய மழை பெய்த மறுநாள், ரயிலிலோ பஸ்ஸிலோ நீங்களே போங்கள். கம்பெனி அலுவலகத்துக்குப் போகாமல், எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். இன்னும் விவசாயம் செய்யும் பெரியவர் யாராவது அகப்பட்டால் பாக்கியம். "இந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம்? தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்ற இரண்டு கேள்வி போதும். அவர் கையை நீட்டும் திசையில் உங்கள் கட்டடம் நின்றால், இளநீருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். அந்த நிலம் ஏட்டில் என்னவாக இருந்தது என்பதை வருவாய்த்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பட்டாவிலும் 'அ' பதிவேட்டிலும் பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை. தொடர்கதையில் ஒரு அத்தியாயம் படிக்கும் நேரம்தான்.

தண்ணீர் அதிகமாவது வருஷத்தில் நாலைந்து நாள். குறைவது நாலைந்து மாதம். இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இராது. நீச்சல் குளத்தின் படம் மட்டும் இருக்கும்!

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. 2013-ல் திறந்தது நாளைக்கு 10 கோடி லிட்டருக்கு. 2024 பிப்ரவரியில் திறந்தது 15 கோடி லிட்டருக்கு. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் குழாய் வழியே சென்னை நகரத்துக்குப் போகிறது. ஆலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் தண்ணீர் வந்துவிடும் என்று நினைப்பது, கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் தினமும் புளியோதரை வரும் என்று நினைப்பது போலத்தான். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த பெரிய பெரிய குடியிருப்புகள் லாரிகளை எதிர்பார்த்துக் காத்திருந்தன.

ஆகவே அதே கம்பெனி முன்பு கட்டி முடித்த குடியிருப்பு ஒன்றுக்குச் சித்திரை, வைகாசியில் போய், அங்கே குடியிருக்கும் பெண்மணிகளைக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை லாரி? பராமரிப்புப் பணத்தில் தண்ணீருக்கு எவ்வளவு? கிணற்று நீரில் பருப்பு வேகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த எஞ்சினீயரும் வேண்டாம். அளந்தே பார்க்க வேண்டுமானால், ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவை 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடலோரத்தில் ஆழ்குழாயை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வரும். வந்த உப்பு எளிதில் திரும்பிப் போகாது.

கடலோரத்துக்கென்று வேறு சில சங்கதிகளும் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984-லேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 2010-ல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும். கடற்கரை ஒழுங்கு விதிகளும் அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பற்பல கட்டுப்பாடுகள் விதிக்கின்றன. "ஜன்னலைத் திறந்தால் கடல்" என்று சொல்கிறவர், அந்த ஜன்னலுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் காட்ட வேண்டும் அல்லவா? 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. புயல் இல்லாத நாளிலும் உப்புக் காற்று ஓயாது. கிரில் கம்பி, பீரோ, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் துரு கைவரிசையைக் காட்டும்.

இனி காகிதம். 2016-ல் வந்த மனை வணிகச் சட்டத்தை எல்லோரும் 'ரெரா' என்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கிறவர்கள் அங்கே பதிவு செய்தாக வேண்டும். வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, வேலை நடக்க நடக்கத்தான் எடுக்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் நூற்றுக்கு 10-க்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. சொன்ன தேதிக்கு வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கட்டுமானத்தில் கோளாறு தெரிந்தால் ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் அவர் செலவில் சரி செய்ய வேண்டும். சதுர அடிக் கணக்கிலும் இந்தச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது: உள்ளே நீங்கள் நடமாடும் 'கார்ப்பெட்' பரப்பு எவ்வளவு என்று தனியாகச் சொல்லச் சொன்னது. இல்லாவிட்டால் படிக்கட்டு, நடை, மின்தூக்கி எல்லாவற்றிலும் ஒரு பங்கை நம் தலையில் கட்டி 1200 சதுர அடி என்பார்கள். புடவைக் கடையில் ஆறு கஜத்துக்குப் பணம் வாங்கிக் கொண்டு, "அதில் ஒன்றரை கஜம் கீழே விரித்திருக்கிற ஜமுக்காளம், அம்மா" என்றால் நாம் விடுவோமா?

சட்டம் இருக்கிறது என்பதால் கண்ணை மூடிக் கொள்ளவும் முடியாது. போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக் கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த ஏழைகள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று அரசாங்கமே வெடி வைத்துத் தகர்த்தது. அந்தக் கட்டடங்களுக்கும் அனுமதி இருந்தது. ஆகையால் வரைபடத்தைப் பார்த்து வாங்குவதைவிட, கட்டி முடித்து, பணி நிறைவுச் சான்றிதழும் வாங்கி, ஒரு மழைக் காலத்தையாவது தாண்டி நிற்கும் கட்டடத்தில் வாங்குவதையே நான் சொல்வேன்.

பணக் கணக்கிலும் அதுதான் ஆதாயம். 60 லட்ச ரூபாய் வீட்டைக் கட்டும்போதே வாங்கினால் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5, அதாவது 3 லட்சம். நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் அந்த வரி கிடையாது. (கம்பெனிக்காரர் அதை விலையில் ஏற்றப் பார்ப்பார், பேரம் பேசுவதில் நம்மைவிடக் கெட்டிக்காரர் யார்?) முத்திரைத்தாளும் பதிவும் எப்படியும் நூற்றுக்கு 7, சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம். 45 லட்சம் கடன் என்றும், வட்டி எட்டரை என்றும் வைத்துக் கொண்டால், 20 வருஷத்துக்கு மாதம் சுமார் 39,000 ரூபாய். கூட்டிப் பாருங்கள்: 93 லட்சத்துக்கு மேல் வருகிறது. எட்டாவது படிக்கும் பெண்ணின் கல்லூரி, கல்யாணம் இரண்டும் அந்த 20 வருஷத்துக்குள்தான்.

சைதாப்பேட்டைச் சகோதரிக்கு என் யோசனை இதுதான். கடற்கரைச் சாலையில் ரயில் இல்லை. கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஆகவே கூடுவாஞ்சேரிப் பக்கமே மேல். ஆனால் இந்த வருஷம் வாங்க வேண்டாம். அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு கோடையும் ஒரு மழைக் காலமும் இருந்து பாருங்கள். விலை ஏறிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஏறலாம். மேலே சொன்ன 3 லட்சம், மாதம் 25,000 வீதம் முழுதாக ஒரு வருஷ வாடகை என்பதைக் காட்டுங்கள். கட்டி முடித்த வீடுகளும் விற்காமல் காத்திருக்கின்றன.

இன்னும் ஒன்று, வாசகி கேட்காதது. முன்பணத்துக்கு அவருடைய வளையல்கள் போகப் போவதாகக் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. வீடு யார் பெயரில் என்று எங்கும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு. ஆனால் அது 10 லட்ச ரூபாய் வரையுள்ள சொத்துக்குத்தான். ஆகவே சலுகைக்காக என்று கணவரிடம் சொல்ல முடியாது. வளையலுக்காக என்றே சொல்லிவிடலாம். கடனுக்குக் கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் சொத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதில்லை. பாங்கியில் கையெழுத்துக் கேட்டால், கிரயப் பத்திரத்தின் நகலை முதலில் கையில் வாங்கி, உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.