மியான்மருக்கு உதவி எந்த வழியாக?

மதிப்பிற்குரிய வெளியுறவுத் துறை அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் அவர்களுக்கு,



2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மியான்மரின் மண்டலேயும் சகாயிங்கும் இடிந்து விழுந்த மறுநாளே, இந்தியாவின் 'ஆபரேஷன் பிரம்மா' நிவாரணப் பணியின் முதல் விமானம் நிவாரணப் பொருட்களோடு யாங்கோனில் இறங்கியது. மண்டலேயில் நம் ராணுவ மருத்துவர்கள் சிகிச்சை அளித்தார்கள். அந்த வேகத்துக்குப் பாராட்டு. ஆனால் எல்லாமே அங்குள்ள ராணுவ ஆட்சியின் அனுமதியோடுதான் நடந்தன. அதே ராணுவத்தின் குண்டுவீச்சு நிலநடுக்கத்துக்குப் பிறகும் நிற்கவில்லை.

ராணுவத்தின் 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து மருத்துவர்களும் ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் வேலையைத் துறந்தபோது, அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் சொந்த மக்களும் வெளிநாடுகளில் உழைக்கும் பர்மியர்களும்தான். பின்பு சின், சகாயிங் பகுதிகளில் ஊர்மக்கள் தாங்களே பள்ளிகளையும் சிகிச்சை மையங்களையும் நடத்தத் தொடங்கினார்கள். அடித்தட்டு மக்களாட்சி அங்கே இப்படித்தான் வேர்விட்டது.

வெளிநாட்டுப் பணம் இதை வளர்க்கவும் செய்யும், முடக்கவும் செய்யும். தொண்டு அமைப்புகள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று 2022 அக்டோபரில் ராணுவம் சட்டம் போட்டது. பதிவுச் சான்று கேட்டுப் பணம் கொடுக்கும் நாடு, யாருக்கு உதவி சேர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையை ராணுவத்திடமே ஒப்படைக்கிறது. மறுபுறம், 2025 ஜனவரியில் அமெரிக்கா நிதியை நிறுத்தியதும் தாய்லாந்து எல்லை அகதி முகாம்களில் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஒரே கொடையாளியை நம்பியிருப்பதன் ஆபத்து அது.

மியான்மரோடு நமக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. அகதிகளைத் தடுக்கச் சொல்லி 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மிசோரம் மக்களோ, தேவாலயங்கள் வழியாகவும் இளைஞர் சங்கங்கள் வழியாகவும் எல்லை தாண்டி வந்த சின் மக்களுக்கு அடைக்கலம் தந்தார்கள்.

'எல்லைக்கு அப்பால் இன்னொரு நாட்டின் இறையாண்மை இருக்கிறதே' என்பீர்கள். ஆயுதமோ அரசியல் பயிற்சியோ நான் கேட்கவில்லை. அவை அந்தப் போராட்டக்காரர்கள் மீது 'அந்நியக் கைக்கூலி' முத்திரை குத்தவே உதவும். மருந்து, பாடநூல், ஆசிரியர்களுக்கான உதவித்தொகை ஆகியவற்றை மிசோரம் வழியாக, சிறிய அளவில், பல ஆண்டுகளுக்குத் தடையின்றி அனுப்புங்கள். ராணுவத்தின் பதிவுச் சான்றைக் கேட்காதீர்கள். எங்கே எது தேவை என்பதை அந்த ஊர்க் குழுக்களே முடிவு செய்யட்டும்.

மியான்மர் தலைநகர் நேபிடோவோடு பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நேபிடோவோடு மட்டும் பேசுவதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
இந்தியக் குடிமகன் ஒருவன்