இறால் குளம் வெட்டுமுன் ஒரு கண்ணாடித் தொட்டி

நாற்றங்காலில் தேறாத பயிர் நடவு வயலில் தேறாது என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. புதிய நெல் வகை ஒன்றை யார் எவ்வளவு புகழ்ந்து சொன்னபோதிலும், நிதானமுள்ள விவசாயி முதல் வருஷத்திலேயே தன் நிலம் முழுவதையும் அதற்கு ஒப்புவித்துவிடுவதில்லை. சில சென்டு பூமியில் நட்டுப் பார்த்து, தன் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது ஒத்துவருகிறதென்று கண்ட பிறகே மேலே செல்லுகிறான். இறால் வளர்ப்பில் மட்டும் இந்த நிதானம் பெரும்பாலும் கைவிடப்படுவது வருந்தத்தக்கது. உயிருள்ள இறாலை ஒரு வாரமேனும் அருகிலிருந்து கவனித்திராதவர், அடுத்தவர் பெற்ற லாபத்தைக் கேட்ட மாத்திரத்தில் கடன் வாங்கிக் குளம் வெட்டத் துணிவது விவேகமாகாது.

தூத்துக்குடி ஜில்லாவின் கரையோரத்தில், வேம்பாறு, தருவைகுளம், பழையகாயல், புன்னைக்காயல் முதலிய ஊர்களைச் சுற்றி நிலம் வைத்திருப்போருக்கு ஒரு யோசனை கூறத்தக்கது. குளம் வெட்ட எண்ணுகிறவர் எவராயினும், முதலில் நூறு லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டியில், கடல் நீரில், ஐந்தாறு சிறிய இறால்களை ஆறு மாத காலம் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். இது பிள்ளைகளின் விளையாட்டைப்போலத் தோன்றலாம். ஆயினும் குளத்தில் லக்ஷக் கணக்கில் பணம் இழந்து கற்கும் பாடங்களில் பெரும்பகுதியை இத்தொட்டி சொற்பச் செலவில் கற்பித்துவிடும்.

இக்கரைக்கு இம்முறை புதிதன்று. மன்னார்க் குடாவின் முத்துக் குளிப்பு பழங்காலந்தொட்டுப் பேர் பெற்றது. எனினும் சிப்பிப் படுகைகள் வளம் குன்றி, தூத்துக்குடியில் 1961ஆம் வருஷத்தோடு முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. அதன்பின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் ஆராய்ச்சி தொடங்கி, 1973இல் சிப்பியினுள் கருவைப் பதித்து முத்து விளைவித்தார்கள். 1981இல் தொட்டியிலேயே சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவும் செய்தார்கள். கடலில் கைவைக்குமுன் தொட்டி நீரில் அந்தச் சிறு உயிரைக் காப்பாற்றக் கற்றதே அவ்வெற்றிக்கு அடிப்படை. ஜப்பான் தேசத்தில் பூஜினாகா என்ற விஞ்ஞானி இறாலின் முட்டைகளைத் தொட்டியில் பொரிக்கச் செய்ததிலிருந்துதான் இன்றைய இறால் வளர்ப்புத் தொழில் முழுவதும் கிளைத்தது. விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்த பொறுமை விவசாயிக்கு வேண்டாமென்பது எவ்விதம் பொருந்தும்?

உப்பு வேறு, கடல் நீர் வேறு

தொட்டி வைப்போர் இப்பக்கத்தில் செய்யக்கூடிய முதற்பிழை, அளத்து உப்பைக் கிணற்று நீரில் கரைத்துவிட்டுக் கடல் நீர் தயாராயிற்றென்று நினைப்பதாகும். உப்பு மலிந்த ஊரில் இந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் ஒரு லிட்டர் கடல் நீரில் உள்ள சுமார் 35 கிராம் உப்புக்களில் சாப்பாட்டு உப்பு ஏறக்குறைய 27 கிராம் மாத்திரமே. மீதி மெக்னீஷியம், கால்ஸியம், பொட்டாஸியம் முதலியவற்றின் உப்புக்கள். அளத்தில் நீர் வற்றிவருகையில் கால்ஸியத்தின் பெரும்பகுதி ஜிப்ஸமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீஷியம் தங்கிவிடுகிறது. ஆகவே பாத்தியிலிருந்து வாரும் உப்பு கடலின் ஒரு பங்கேயன்றி முழுக் கடலன்று. இறால் தன் ஓட்டை உரித்துப் புது ஓடு கட்ட வேண்டிய பிராணியாதலால், கால்ஸியமும் மெக்னீஷியமும் குறைந்த நீரில் அது நலிந்து மடியும். துறைமுகத்தின் எண்ணெய்ப் பசையும் ஊர்ச் சாக்கடையும் கலவாத இடத்தில் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய கடல் நீரே தொட்டிக்கு ஏற்றது.

இரண்டாவது பிழை, வற்றிய நீருக்கு ஈடாகக் கடல் நீரையே மேலும் ஊற்றுவது. நீர் ஆவியாகப் போகிறது, உப்பு போவதில்லை. நூறு லிட்டரில் 3,500 கிராம் உப்பு இருக்கிறதென்று கொள்வோம். பத்து லிட்டர் வற்றியதும் பத்து லிட்டர் கடல் நீர் விட்டால் உப்பு 3,850 கிராம் ஆகிறது. இவ்விதம் பத்து முறை செய்தால் உப்பு இரட்டித்து, லிட்டருக்கு 70 கிராம் ஆகிவிடும். அளத்தில் உப்பு விளைவிக்கும் வழி இதுவேயன்றி, இறால் வளர்க்கும் வழியன்று. வற்றிய அளவுக்கு மழை நீரோ நல்ல கிணற்று நீரோதான் விட வேண்டும். உப்பளங்களில் நீரின் பலத்தை டிகிரிக் கணக்கில் பார்க்கும் ஹைட்ராமீட்டர் எத்தகையதென்று இவ்வட்டாரத்தில் அறியாதார் சிலரே. தொட்டிக்கும் அத்தகைய கருவி ஒன்று வாங்கி, நாள்தோறும் பார்த்துக் குறித்துவர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

நீர் தெளிவாயிருந்தும் இறால் இறந்துபோவதைக் கண்டு புதியவர் திகைப்பார். காரணம் அம்மோனியா. இறாலுக்கு இடும் உணவு 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதமாயின், அப்புரதத்தில் அடங்கிய தழைச்சத்து ஏறக்குறைய 0.64 கிராம். அதில் பாதி மாத்திரம் நீரில் அம்மோனியாவாக வந்தாலும், நூறு லிட்டரில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்தால் இந்நஞ்சின் வேகமும் மிகும். தின்னாமல் எஞ்சிய உணவும், மூலையில் ஒருவரும் பாராமல் அழுகும் செத்த இறாலும் இதே தீங்கைச் செய்யும்.

இதற்குப் பரிகாரம் விவசாயிக்குத் தெரியாததொன்றன்று. வயலில் இடும் அமோனியம் ஸல்பேட்டை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் இனத்தவையே தொட்டியின் மணலிலும் கற்களிலும் குடியேறி, அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகி நிலைபெற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஆகையால் நீரும் மணலும் இட்டு, காற்றடைக்கும் சிறு மோட்டாரை ஓடவிட்டு, நான்கைந்து வாரம் காத்திருந்த பின்னரே இறாலை விட வேண்டும். நாற்று விடுவதற்கு முன் சேற்றைப் பதப்படுத்துவதற்கு இது ஒப்பாகும். இந்த ஒரு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர் குளம் வெட்டும் எண்ணத்தை அப்பொழுதே விட்டுவிடுதல் நலம்.

காற்றின் அவசியத்தையும் தொட்டி தெளிவாகக் காட்டும். 30 டிகிரி உஷ்ணத்தில் உள்ள கடல் நீர் லிட்டருக்குச் சுமார் ஆறு மில்லிகிராம் பிராணவாயுவை மட்டுமே தாங்கக்கூடியது. குளத்திலோ, பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும் பாசியே இரவில் அதை உட்கொள்ளுகிறது. ஆதலால் விடியற்காலையில்தான் அபாயம் அதிகம். மின்சாரம் நின்று மோட்டார் ஓயும்போது தொட்டியில் இறால்கள் மேல்மட்டத்துக்கு வந்து தவிப்பதைக் கண்டவர், மாற்று இயந்திரம் வைத்துக்கொள்ளாமல் குளம் நடத்தத் துணியமாட்டார்.

இன்னும் சில குறிப்புக்கள் கவனிக்கத்தக்கவை. ஓடு உரித்த இறாலின் உடல் மிருதுவாயிருக்கும் வேளையில் மற்ற இறால்கள் அதைத் தின்றுவிடும். ஒளிந்துகொள்ள ஓட்டுத்துண்டும் கல்லும் இட்டு வைக்க வேண்டும். இறால் துள்ளி வெளியே விழக்கூடியதாதலால் தொட்டியை வலையால் மூடிவைக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த கையையோ, போர்டோக் கலவை கரைத்த வாளியையோ தொட்டியில் இடவே கூடாது. இறாலும் பூச்சியும் தூரத்து உறவினம். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். துத்தத்திலுள்ள தாமிரம் மிகச் சொற்ப அளவிலேயே இறாலுக்கு நஞ்சாகும். பருத்திக்கும் வாழைக்கும் மருந்து தெளிக்கும் வயல்களின் வடிகால் எங்கே போய்ச் சேருகிறதென்று இப்பாடம் விவசாயியை யோசிக்க வைக்கும்.

தொட்டி கற்பியாதவை

தொட்டியில் கற்றவர் எல்லாம் கற்றவராகிவிடுவார் என்பது இங்கே கருத்தன்று. 1994, 1995ஆம் வருஷங்களில் கிழக்குக் கரைப் பண்ணைகளில் வைரஸ் நோய் புகுந்து, கருவரி இறாலை வளர்த்தோருக்குப் பெருநஷ்டம் விளைவித்தது. அடுத்தவன் குளத்து நீரிலும், நண்டின் உடலிலும் வரும் வெண்புள்ளி நோய்க்கு இன்றளவும் மருந்து கிடையாது. 2009 முதல் அனுமதிக்கப்பட்ட வன்னாமி என்னும் அமெரிக்க இறாலும் இந்நோய்க்கு விலக்கன்று. மழையின் கொடுமையையும் தொட்டி காட்டாது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தின் கரை உடையாமல் நின்றிருந்தாலுங்கூட, அதன் உப்பு பாதியாகக் குறைந்திருக்கும். விலையின் ஏற்றத்தாழ்வும் அப்படியே. இந்திய இறாலை அதிகமாக வாங்கிவந்த அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளின்மேல் வரியை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்தியபோது, கரையோரத்துச் சிறு பண்ணைக்காரரும் கவலைகொள்ள நேர்ந்தது. ஆனால் தன் கைக்கு அடங்கிய காரியத்தையே நடத்தத் தெரியாதவர், கைக்கு அடங்காத இவற்றை எவ்விதம் தாங்குவார்?

நிலத்தின் கதி

இதில் இறாலைவிடப் பெரிய பொருளொன்று அடங்கியிருக்கிறது, அது நிலம். உப்பு நீர் ஒருமுறை நின்று ஊறிய நஞ்சையை மீண்டும் பயிருக்குக் கொண்டுவருவது எளிதன்று. அடுத்த கொல்லையின் கிணறு உவர்த்துவிட்டால், அதன் நஷ்டம் குளம் வெட்டினவரோடு நிற்பதில்லை. தாமிரபரணியின் கடைமடையில் நெல்லும் வாழையும், ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களும் நல்ல நீரை நம்பியே வாழ்கின்றன. இதை எண்ணியே சுப்ரீம் கோர்ட்டு, ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி அளித்த தீர்ப்பில், விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, கிராமப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றலாகாதென்று விதித்தது. பார்லிமெண்டு 2005இல் இயற்றி 2023இல் திருத்திய கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டத்தின்படி, பதிவு செய்துகொள்ளாமல் பண்ணை நடத்தவும் இடமில்லை.

தொட்டியைப் பார்த்தே ஒரு தொழிலை மதிப்பிடலாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கடல் நாள்தோறும் ஏறி இறங்கித் தன் நீரைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது; தொட்டியோ தேங்கிய நீர்; ஆகையால் இரண்டும் ஒன்றல்லவென்பது அவர்கள் வாதம். உண்மையே. ஆனால் குளம் கடலைச் சேர்ந்ததா, தொட்டியைச் சேர்ந்ததா என்று அவர்களே யோசிக்கட்டும். கரை கட்டி நீரைத் தேக்கிய அக்ஷணமே, அது பெரிய தொட்டியாகிவிடுகிறது. பெரிய நீர்ப்பரப்பில் கேடு சற்று மெதுவாக வரும். வந்தபின் திருத்துவதும் அவ்வளவுக்குக் கடினமாயிருக்கும். சிறு தொட்டியில் ஒரு நாளில் தெரியும் பிழை, குளத்தில் ஒரு மாதம் கழித்து, தீவனக் கடன் ஏறிய பிறகு தெரியவரும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யத்தக்கவை. முதலாவது, கரையோரத்து உயர்தரப் பாடசாலைகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் கடல் நீர்த் தொட்டி ஒன்று வைத்து, உப்பு, உஷ்ணம், இட்ட உணவு, இறந்த இறால் ஆகியவற்றைப் பலகையில் தினந்தோறும் எழுதிவர வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இவ்வூரிலேயே இருப்பதால், வேண்டிய யோசனைகளை அங்கே கேட்டுப் பெறலாம். இரண்டாவது, கடன் கேட்டு வருகிறவரிடம் வங்கியார் நிலத்தின் பட்டாவைப் பார்ப்பதோடு நில்லாமல், ஆறு மாதத்துத் தொட்டிக் குறிப்பையும் கேட்டல் நன்று. மூன்றாவது, கிராம நிர்வாக உத்தியோகஸ்தர், குளம் வெட்ட மனு வந்த இடத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் உப்பை முன்கூட்டியே அளந்து எழுதி வைக்க வேண்டும். பின்னால் வழக்கு வருங்காலத்தில் அந்த எழுத்து ஒன்றே நியாயம் பேசும்.

தொட்டிக்கு உள்ளூர்க் கடலில் பிடித்த வெள்ளை இறாலே போதுமானது. அதன் நீரையோ, எஞ்சிய உயிர்களையோ ஆற்றிலும் வாய்க்காலிலும் பிறர் குளத்திலும் கொட்டலாகாது.

ஆறு மாதம் கழிந்து ஐந்து இறாலும் உயிரோடிருந்தால், அம்மனிதர் சட்டம் அனுமதிக்கும் உவர் நிலத்தில் சிறு குளமொன்றை ஆலோசித்துத் தொடங்கலாம். எல்லாம் இறந்துபோயினும் நஷ்டம் ஒரு தொட்டியும் சில மாதங்களுமே. நிலமும் கிணறும் பத்திரமாயிருக்கும். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் விவசாயிக்கு லாபமே.