மெரினா மணலும் ஸ்னோஷூவும்



கனடாவில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, காலில் ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு பனியில் நடக்கும் படம் அனுப்பியிருந்தாள். "சார், நீங்கள் நடத்திய அழுத்தம் பாடம்" என்று கீழே ஒரு வரி. படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

புதிதாக விழுந்த பனியில் சாதாரணக் காலணியோடு இறங்கினால் முழங்கால் வரை புதையும். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தை வளைத்து, நடுவே தோல்வாரால் வலை பின்னிக் காலில் கட்டிக்கொண்டார்கள். ஆளின் எடை குறையவில்லை, பரப்புதான் கூடியது. பாதம் 200 சதுர சென்டிமீட்டர், ஸ்னோஷூ 1,000 என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒட்டகத்தின் அகன்ற பாதமும் இதே கணக்குதான்.

நம் ஊரில் பனி இல்லை, மெரினா மணல் இருக்கிறது. சக்கர நாற்காலியின் மெல்லிய சக்கரம் அதில் நாலடி போவதற்குள் புதைந்துவிடும். தேனாம்பேட்டையில் எங்களோடு இருந்த என் அக்கா, கடைசி ஆறு வருஷம் சக்கர நாற்காலியில்தான். கடற்கரை ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஆனால் சாலையோரத்தோடு சரி. அலையில் கால் நனைக்காமலேயே போய்விட்டாள்.

மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் கேட்ட பிறகு, 2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமானது. "நாலு பேருக்காக இவ்வளவு செலவா?" என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்டார்கள். வெள்ளத்தில் சாலை அரித்துப்போனால் சாலையே வேண்டாம் என்றா சொல்கிறோம்? நல்லவேளை, பாதையைச் சரிசெய்தார்கள்.

புதைகிறவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதில் பயனில்லை. அவருக்குக் கீழே பரப்பைக் கொடுக்க வேண்டும். அது சலுகை அல்ல, கடற்கரை அவர்களுக்கும் சொந்தம். ஒரு மெரினாவோடு நிறுத்தாமல், மணல் உள்ள ஒவ்வொரு கடற்கரைக்கும் இப்படிப் பாதை வேண்டும் என்பதே என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெரினா போனால் அந்தப் பாதையை மறித்து நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். பலகைமேல் மணல் மூடிக் கிடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப் போங்கள்.